நீ அனுப்பிய டப்பாக்கள்

கடலூர் முதுநகர்,
புதன்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவுக்கென்று நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. மூன்று சத்து மாத்திரை டப்பாக்களையும் மேசையில் வரிசையாக வைத்து, மகன் தன் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது என்று எதிர்வீட்டார் வரை அழைத்துக் காட்டிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் காலம் முழுவதும் நின்றவள் ஆதலால், லேபிளைப் படிக்காமல் எதையும் திறக்க நான் விடவில்லை.

துத்தநாக மாத்திரை ஒன்றில் 50 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அதைத் தாண்டி நெடுநாள் விழுங்கினால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து, கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்களே குறைந்துபோகலாம். வைட்டமின் சி அளவுக்கு மீறினால் சிறுநீரகக் கல்லுக்கு வழி வைக்கும்; அப்பா அந்தக் கல்லோடு பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். முன்புறம் நோய் எதிர்ப்பு சக்தி என்று பெரிதாகப் போட்டிருப்பவர்கள், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்பதைப் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்பாவைச் சாப்பிடவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன். நீயும் இவற்றையே விழுங்குகிறாய் என்பதுதான் என் கவலை. தொடையில் கட்டி திரும்பத் திரும்ப வருவதையும், சீழை எடுத்துக் கல்ச்சர் வைத்ததில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்ததில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என்று வந்ததையும் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஊராருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த அம்மாவிடம் சொல்ல உனக்கு என்ன கூச்சம்?

அந்தக் கிருமி 1961-லேயே இங்கிலாந்தில் அடையாளம் காணப்பட்டது. தன் சுவரைக் கட்டுவதற்கு மாறுபட்ட ஒரு புரதத்தை அது வைத்துக்கொண்டிருப்பதால், பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவை அதில் பிடிப்பதில்லை. எந்த வைட்டமினாலும் அதை மாற்ற முடியாது. சத்துக் குறைவுள்ள உடம்புக்குச் சத்து சேர்த்தால் பலன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்த ஆய்வில், அவர்களுக்கு அந்நோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியிட்டார்கள். அங்கே பசித்திருந்த உடம்புக்குச் சோறும் பருப்பும் கிடைத்தன. நீ பசித்திருப்பவன் இல்லை, கண்ணா. முட்டையும் கீரையும் நெத்திலியும் உனக்குப் போதும்.

இன்னொன்றை நீ கட்டாயம் கேட்க வேண்டும். மருத்துவர் கொடுத்திருப்பது டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை என்று அக்கா சொன்னாள். துத்தநாகமோ இரும்போ கால்சியமோ அதனுடன் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால், அவை மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராமல் வீணாகும். பிழைத்த கிருமி, அடுத்த மாத்திரைக்கும் அடங்காமல் போகப் பழகும். காலையில் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து விழுங்குகிறாயாமே? குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடு. மருந்து முடியும்வரை அந்த டப்பாக்களை மூடியே வைத்தால் இன்னும் நல்லது. மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதே. ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கு. விழுங்கியவுடன் படுக்காதே, தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

கட்டியை நீயாகப் பிதுக்காதே. சீழ் சேர்ந்தால் மருத்துவர் கீறி வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். ஜிம்மில் யாருடைய துண்டையும் வாங்காதே, ரேசரையும் பகிராதே. காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ, விடியட்டும் என்று காத்திருக்காதே. மருந்தை நடுவில் நிறுத்தாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

நீ கெட்டிக்காரன், உழைப்பாளி. உன் உடம்பை நீ பார்த்துக்கொள்வாய் என்று அப்பாவுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. ஆனால் இரண்டு வாரமாகப் போனை எடுக்காமல் இருந்தால் நான் என்ன நினைக்க? கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்தெந்த மருந்துக்கு நேராகக் கிருமி அடங்கும் என்று ‘எஸ்’ போட்டிருக்கிறது, எதற்கு அடங்காது என்று ‘ஆர்’ போட்டிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். பேசப் பிடிக்காவிட்டால் படத்தை மட்டுமாவது அனுப்பு.

அன்புடன்,
அம்மா