அண்ணாச்சி கொடுத்த யூனிட்டுகள்

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சி மைக்செட்டை விற்றுவிட்டார். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், சீரியல் பல்பு எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. நம் சோடா பயல் உனக்கு முன்பே சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. குழாய்களின் பின்னால் திருகியிருந்த, சத்தத்தை உண்டாக்கும் யூனிட்டுகளில் நல்லதாக நான்கை மட்டும் கழற்றி, கோணிப்பையில் கட்டி, என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார் மனிதர். “நீதான் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பாயே, வைத்துக்கொள்” என்றார். காசுப் பேச்சை எடுத்தேன். அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று உனக்குத் தெரியும்.

நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். யூனிட்டுக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் பழைய டயாப்ரத்தைத் தூக்கி எறி, டைட்டேனியம் போடு. புதிதாக எது வந்தாலும் அதற்குக் கொடி பிடிப்பவன் நீ. அந்த எவர்சில்வர் ரேடியோ கதையை இங்கே எழுத வேண்டாம்.

டைட்டேனியம் போட மாட்டேன். இதில் இருப்பது பீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திய துணி. மேல் அதிர்வெண்களில் அதற்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேண்ட்லைன் டெலிபோனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வருகிறது. அதிலேயே உன் குரலில் இருக்கும் பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறேன். நாயனத்துக்கும் அறிவிப்புக்கும் இந்தத் துணி தாராளம். டைட்டேனியம் தகடு மேலே நன்றாக ஏறும், ஆனால் அங்கே போய்த் தன்பாட்டுக்கு நடுங்கத் தொடங்கிவிடும், காதில் குத்தும். அதோடு, டயாப்ரத்துக்கு மயிரிழை தூரத்தில் ஓர் உலோகக் குமிழ் நிற்கிறது. அளவு கொஞ்சம் தவறிய டயாப்ரத்தை மாட்டினால் அதில் போய் இடிக்கும். எல்லாவற்றையும் விட, நம் ஊர்த் திருவிழாவின் குரல் இந்தத் துணியின் குரல். அதை மாற்றிவிட்டுப் பழைய யூனிட் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

சரி, வேலையைச் சொல்கிறேன். பின்மூடியைத் திறந்தால், உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு தொட்டதும் பொடிந்தது. அந்தப் பொடியும் இரும்புத்தூளும் டயாப்ரத்தோடு ஒட்டிய கம்பிச் சுருளான காயில் ஆடும் இடைவெளிக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஊதினால் வராது, காந்தம் விடாது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கீற்றாக வெட்டி, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி செல்லோ டேப்பைச் சுற்றி, அந்த வளைய இடைவெளியில் இறக்கி மெல்ல ஓட்டினேன். தூள் கறுகறுவென்று, காந்தத்தின் பக்கம் சிலிர்த்து நின்றபடி மேலே வந்தது. மறுபடி புது டேப். டேப் சுத்தமாக வரும்வரை இதே வேலை. இரும்புத் திருப்புளி பக்கத்தில் வந்தால் பிடுங்கிக்கொண்டு போய் டயாப்ரத்தைக் கிழித்துவிடும் என்பதால் பித்தளை இடுக்கியோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்னை நகைத் தட்டான் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

16 ஓம் என்று குறித்த காயில், மீட்டரில் 11 அல்லது 12 காட்டினால் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் ஒன்றுமே காட்டவில்லை. காயில் எரியவில்லை, அதிலிருந்து திருகுக்கு வரும் கம்பி, ஆடி ஆடி வளைவில் அறுந்திருந்தது. பற்றவைத்ததும் உயிர் வந்தது. பிறகு திருகுகளைத் தளர்த்தி வைத்து, தாழ்ந்த ஸ்வரம் ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, கரகரப்பு நிற்கும் இடத்துக்கு டயாப்ரத்தை நகர்த்தி, எதிரெதிராக இறுக்கினேன்.

யூனிட் எப்போது சாகும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “தவில் தனி ஆவர்த்தனத்தில்தான்” என்றார். காரணம் சரிதான். குழாயின் எல்லைக்குக் கீழே இறங்கும் அதிர்வுக்குக் குழாய்க் காற்றின் தாங்கல் கிடையாது. டயாப்ரம் கட்டுப்பாடில்லாமல் ஆடிக் கிழியும். அதனால் என் மேம்பாடு ஒரே ஒரு கப்பாசிட்டர். 16 ஓமுக்குத் தொடராக 20 மைக்ரோபாரட் போட்டால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைந்துவிடும். பிளஸ் மைனஸ் பார்க்கும் வகையை மட்டும் போடக் கூடாது. வீட்டில் ஒரு வாட்டுக்கு மேல் ஏற்றத் தேவையும் இல்லை. வீட்டு ஸ்பீக்கரை விட இது ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதலாகக் கத்துகிறது. அதே சத்தத்தை அந்த ஸ்பீக்கரில் கொண்டுவர 100 மடங்கு சக்தி வேண்டும்.

கோயிலில் இனி இதைக் கட்ட முடியாது என்பதில் எனக்கு வருத்தமில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன 2000-ஆம் ஆண்டு விதிகள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005-இல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த பங்குனியில் நம் தெருமுனைக் குழாயை நானே கல்லெறிந்து உடைத்திருப்பேன். கட்டியவர் அண்ணாச்சி என்பதால் கை வரவில்லை. அவர் சொல்லாமலே அதைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பி வைத்தார். உனக்கு இதை இதுவரை சொன்னதில்லை.

நேற்று அவரை வரவழைத்து ஓடவிட்டேன். நாயனம் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உள்ளங்கையை யூனிட்டின் முதுகில் வைத்து, “ஓடுகிறது” என்றார். காது போய்விட்டது மாப்பிள்ளை. மேல் ஸ்தாயி சுத்தமாக விழவில்லை. இத்தனை வருஷம் குழாய்க்கு அடியில் கட்டில் போட்டுப் படுத்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? மருத்துவரிடம் வரச் சொன்னால், எதற்கு என்கிறார். நீ ஒரு முறை போன் செய்து அதட்டு. என் பேச்சு எடுபடாது.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். நான்காவது யூனிட்டின் சத்தம் மட்டும் பாதியாக இருக்கிறது. முன்பு யாரோ ரிப்பேர்காரர், காந்தத்தைப் பொதிந்திருக்கும் இரும்புச் சட்டியையே பிரித்து மூடியிருக்கிறார். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ காந்தத்துக்கு அது ஆகாது. சுற்றியுள்ள இரும்பு விலகிக் காந்தச் சுற்று திறந்தால் தன் பலத்தைத் தானே இழக்கும். திரும்ப மூடினாலும் வராது. 1926-இல் வந்த அமெரிக்க யூனிட்டான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555-க்கு இந்தத் தலைவலியே இல்லை. அதில் நிரந்தரக் காந்தம் கிடையாது. 7 வோல்ட், 1.5 ஆம்பியர் கொடுத்தால் காந்தம், நிறுத்தினால் வெறும் இரும்பு. பிற்காலத்து, பீங்கான் மாதிரியான பெரைட் காந்தமும் இப்படிப் பலம் இழக்காது. 1978-இல், கோபால்ட் வெட்டியெடுக்கும் ஜயரில் (இன்றைய காங்கோ) நடந்த சண்டையில் கோபால்ட் விலை எகிறி, கம்பெனிகள் அல்நிக்கோவை விட்டு பெரைட்டுக்குப் போயின. நம்முடையது அதற்கு முந்தைய சரக்கு.

ஆகவே, மூடிய நிலையிலேயே வெளியிலிருந்து காந்தம் ஏற்ற வேண்டும். கோவையில் மோட்டார், மேக்னெட்டோ வேலை பார்க்கும் பட்டறைகளில் காந்தம் ஏற்றும் சாதனம் இருக்கும். உன் பழைய பட்டறைக்காரர்களிடம் விசாரி. சட்டி சுமார் நான்கு அங்குல விட்டம். அந்த அளவுக்கு அவர்களின் காயில் போதுமா என்று கேள். “பிரித்துக் கொடுங்கள், தனியாக ஏற்றுகிறோம்” என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பார்சலில் அனுப்ப மனமில்லை. நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். இரண்டு நாள் தங்குவேன். அந்த உப்புமாவை மட்டும் தங்கச்சி கிளறாமல் பார்த்துக்கொள்.

உன்,
மாப்பிள்ளை