சராசரியை மட்டும் அனுப்பாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மருத்துவமனைக்குள் வைஃபையால் இடம் காட்டும் உங்கள் அமைப்பு சோதனைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் மகிழ்ச்சி. ஆனால் ‘சராசரிப் பிழை 1.9 மீட்டர்’ என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதே. 20 இடங்களில் பதினெட்டில் 1 மீட்டர், இரண்டில் 10 மீட்டர் பிசகினாலும் சராசரி அதே 1.9தான். அந்த இரண்டில் ஒன்று ஐசியு வாசலாக இருந்தால்? பிழைகளை ஏறுவரிசையில் அடுக்கி 50, 75, 95 சதவீதத்தில் நிற்கும் எண்களைக் கொடு. கட்டடத்துக்குள் இடம் காட்டும் அமைப்புகளுக்கென்றே நடக்கும் ஐபின் (IPIN) போட்டியில் 75-ஐ எடுக்கிறார்கள். மாடி தவறினால் மாடிக்கு 15 மீட்டர் கூட்டுகிறார்கள். இந்த உதாரணத்தில் 75-உம் 1 மீட்டர்தான் காட்டும், அதனால் 95-ஐ விடாதே.

சோதிக்கும் ஒவ்வொரு புள்ளியின் உண்மையான இடமும் தெரிய, தரையில் ஒட்டுநாடாவால் கூட்டல் குறி போட்டு, இரண்டு சுவர்களிலிருந்து லேசர் மீட்டரால் அளந்துகொள். கட்டட வரைபடத்தை நம்பாதே. பூச்சும் டைல்ஸும் ஏறிய சுவர் படத்தில் உள்ள இடத்தில் நிற்காது. மூலை சதுரமா என்று கொத்தனார் பார்ப்பதுபோல 3-4-5 பிடித்துப் பார்: ஒரு சுவரில் 3, மறு சுவரில் 4 அளந்தால் குறுக்கே 5 வரவேண்டும். ஃபோனிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுவதெல்லாம் 10, 20 சென்டிமீட்டர் துல்லியம் பேசும் யுடபிள்யூபி (UWB) என்ற வேறு வகை ரேடியோ முறைக்குத்தான் வேண்டும்.

இடத்தை அடையாளம் காண அமைப்புக்காக முன்பே வைஃபை சிக்னல் பதிவெடுத்த புள்ளிகளிலேயே நின்று சோதிப்பதுதான் பெரிய தவறு. விடை தெரிந்த கேள்விக்கு மதிப்பெண் போடுவது அது. பதிவுப் புள்ளிகளுக்கு இடையிலும், வேறு நாளிலும், புறநோயாளிக் கூட்டம் நிறைந்த காலை வேளையிலும் எடு. ஒவ்வொரு புள்ளியிலும் நாலு திசையும் திரும்பி நில். உடம்பில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். ரவுட்டருக்கு முதுகு காட்டினால் சிக்னல் இறங்கும்; அமைப்போ நீ தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஃபோனுக்கு ஃபோன் அளவும் மாறும், மூன்று மாடலாவது வேண்டும்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிக்கே 2 நிமிடத்துக்கு 4 வைஃபை ஸ்கேன்தான், அதாவது சராசரியாக 30 விநாடிக்கு ஒருமுறைதான் சுற்றியுள்ள சிக்னலை அளக்க முடியும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அடுத்த ஸ்கேனுக்குள் 36 மீட்டர் போய்விடுவார். டெவலப்பர் ஆப்ஷனில் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்து எடுத்த எண் அழகாக இருக்கும். நோயாளியின் ஃபோனில் அதை யார் அணைப்பார்கள்? நடந்தபடியும் சோதி, கட்டுப்பாட்டை அணைக்காமல்.

கணக்குப் போட்ட தாளை அனுப்பாதே. நேரமுத்திரையோடு மூலப் பதிவை அப்படியே அனுப்பு, எந்த ஃபோன், எந்தத் திசை என்ற விவரத்தோடு.

அன்புடன்,
முரளி