மூச்சிரைப்புக்கு முதுகு வளைவு மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்றதும் தோலில் தெரியும் கட்டிகளும் காப்பி நிறத் திட்டுகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இதன் முதல் வகை ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வருவது. சுமார் பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவரில் யாரிடமும் அந்தப் பழுது இருப்பதில்லை. இந்த நோய் நுரையீரலையும் தாக்கலாம் என்பதை நோயாளிகளிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாடி ஏறினால் இளைக்கிறது என்று வருபவரை, 'முதுகு வளைந்திருக்கிறது, அதனால்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுவது மனத்தை உறுத்துகிறது.

இந்த நோயில் சிலருக்கு வரும் முதுகு வளைவும் காரணமாகலாம், மறுக்கவில்லை. மார்புக்கூடு ஒடுங்கினால் நுரையீரல் விரிய இடமிருக்காது. ஆனால் நடுவயதில் சிலருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் மெல்லிய சுவருள்ள காற்றறைகளும் அடிப்பகுதியில் தழும்பும் உண்டாகின்றன. புகைப்பழக்கம் இதற்குத் துணைபோகிறது. புகையைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. வேறு சிலருக்கு நுரையீரல் தமனிகள் தடித்துக் குறுகி, அங்கே இரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகிறது. இது அரிது, ஆனால் மிகவும் ஆபத்தானது.

தமனி நோயில் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் சோதனை, ஏமாற்றிவிடும். காற்றின் அளவையும் வேகத்தையும் மட்டுமே அது சொல்லும் என்பதால் முடிவு இயல்பாகவே வரக்கூடும். காற்று இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அறிய டி.எல்.சி.ஓ. சோதனையும் வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே இழுப்பில் நிரப்பி, 10 விநாடி அடக்கி, பிறகு விட வேண்டும். அன்று புகைபிடித்திருந்தால் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள கார்பன் மோனாக்சைடு முடிவைக் குறைத்துக் காட்டும். இரத்தசோகையும் அப்படித்தான், அண்மையில் பார்த்த ஹீமோகுளோபின் அளவைக் கொடுத்தால் அதற்கேற்பத் திருத்திக் கணக்கிடுவார்கள்.

உயரத்தை அளப்பதில்தான் பெரிய கோளாறு நடக்கிறது. ஒருவருக்கு இருக்க வேண்டிய நுரையீரல் கொள்ளளவை, உயரம், வயது, பாலினத்தை வைத்துத்தான் கணினி கணிக்கிறது. முதுகு வளைந்தவரை நிற்கவைத்து அளந்தால் உயரம் குறையும். இருக்க வேண்டிய அளவும் குறைந்து, சதவீதம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். இவர்களுக்கு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதைக் கொண்டு உயரத்தைக் கணிக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைத் தவறவிட்டால் நோயே மறைந்துபோகும்.

டி.எல்.சி.ஓ. குறைந்திருந்தால் அடுத்து எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை. அதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், இதயத்தின் வலப்பக்கம் வழியாகக் குழாய் செலுத்தி நேரடியாக அளந்தே உறுதி செய்ய வேண்டும். ஓய்வில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது மிகைதான்.

மார்பு எக்ஸ்ரேயை மட்டும் நம்பவும் கூடாது. தோலில் உள்ள கட்டியின் நிழல் நுரையீரலுக்குள் கட்டி இருப்பது போலவே விழும்; உள்ளே இருக்கும் சிறு காற்றறைகளோ தெரியாமல் போகும். மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

காற்றறை உள்ளவருக்குத் திடீரென ஒருபக்க மார்பில் வலியும் மூச்சுத்திணறலும் வந்தால் அறை வெடித்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முழுதாகச் சரியாகி மருத்துவர் அனுமதிக்கும் வரை விமானப் பயணம் வேண்டாம்.

ஸ்கேனில் முதுகெலும்பை ஒட்டி ஒரு திரட்சி தெரிந்தால் அது நரம்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்றில்லை. தண்டுவட உறை வெளியே பிதுங்கி, உள்ளே மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்த பையாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அதில் ஊசி குத்தக் கூடாது.

இப்படிக்கு,
நுரையீரல் சோதனைக்கூடத் தொழில்நுட்பர் ஒருவர்