போடி மலையடிவாரத் தோப்பு விவசாயிகளுக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் இதை வாசித்தபோது பாதி நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வராதவர்களும் படிக்கட்டும் என்று முழு அறிக்கையையும் இங்கே போடுகிறேன்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. மண் பரிசோதனை முகாம் நடந்தது. மாவில் தத்துப்பூச்சி பற்றித் தோட்டக்கலைத் துறையினர் வந்து பேசினார்கள். பொங்கல் விழா நல்லபடியாக முடிந்தது.

இனி தீ விஷயம். இந்த ஆண்டு முழுக்க நான் ஓடியது இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காடு வெயிலில் தானாகப் பற்றுகிறது, மூங்கில் உரசிப் பற்றுகிறது என்று நம் கூட்டத்திலேயே இன்னும் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நம் பக்கத்தில் மின்னல் வந்தால் பெரும்பாலும் கூடவே மழையும் வந்துவிடும். மாசி பங்குனியில் பற்றுவது அநேகமாக எல்லாமே மனிதர் கைபட்டதுதான். தேன் எடுக்கப் போனவர் போட்ட பந்தம், அணைக்காத பீடி, புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ச்சலுக்கு வைத்தது, சருகைக் கூட்டிக் கொளுத்தியது என்று காரணம் ஒவ்வொரு முறையும் மாறும், அவ்வளவுதான்.

ஆனால் தீப்பொறி மட்டும் போதாது, எரிய ஏதாவது வேண்டும் இல்லையா? ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால் நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த மழையில்தான் எலுமிச்சைப்புல் ஆளுயரத்துக்கு வளர்கிறது, தை முடிவதற்குள் காய்ந்தும் விடுகிறது. எண்ணெய் உள்ள புல் அது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும், தீயும் சரிவில் ஏறும்போதுதான் வேகம் எடுக்கும், அந்த நேரத்தில் காய்ந்த புல்லுக்கு நடுவே நிற்பவர்கள் ஓடித் தப்புவது கஷ்டம்.

முன்பு இந்தப் புல்லில் பெரும்பகுதியை மலைமாடுகள் தின்றுவிடும். இப்போது மாடு வைத்திருக்கும் வீடுகள் குறைந்துவிட்டன, பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மேகமலை வழக்கில் 2022இல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு சரணாலயம், புலிகள் காப்பகம் எதிலும் மேய்ச்சல் கிடையாது. அந்த உத்தரவு சரியா தவறா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. புல் மிஞ்சுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் உண்ணிச்செடி. தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்த செடி, இன்று ஓடை ஓரமெல்லாம் அதுதான். தரையில் ஓடுகிற தீயை மரத்தின் மேலே ஏற்றிவிடுகிற ஏணி அது, எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதெல்லாம் காட்டுக்குள் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். நம் எல்லையில் தீ பரவுவது பெரும்பாலும் பராமரிப்பில்லாத பட்டாத் தோப்புகள் வழியாகத்தான். உழவு இல்லை, களை எடுக்கவில்லை, இலவங்காய் வெடித்துப் பஞ்சு கீழே கிடக்கிறது. உரிமையாளர் மதுரையிலோ கோவையிலோ இருக்கிறார், குத்தகைக்காரருக்குக் காய் பறிப்பதோடு வேலை முடிந்தது. போன மாசியில் நடந்தது இதுதான். அப்படி ஒரு தோப்பில் உச்சி வெயிலில் சருகுக்குத் தீ வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் முழுக்கப் போனது, நல்ல காய்ப்பில் இருந்த மாமரங்கள் கருகின. நட்டம் பட்டவர் ஒரு சந்தாகூட பாக்கி வைக்காதவர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024 மார்ச்சில் குன்னூரில் ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததே, அதுவும் ஒரு தனியார் தோட்டத்தில் குப்பைக்கு வைத்த தீ என்றுதான் கைது வரை போனது.

இதற்காகத்தான் தீத்தடுப்புக் கோடு வேலையைக் கையில் எடுத்தேன். காட்டுப் பக்கத்தில் வனத்துறை கோடு வெட்டுகிறது. நம் பட்டா எல்லையில் ஓடையிலிருந்து கரடு வரை 15 அடி அகலத்துக்குப் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டி ஒதுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் எல்லாரும் கைதூக்கித்தான் முடிவு செய்தோம். வேலைக்கு வந்தது எப்போதும் வருகிற அதே முகங்கள். அறுபது தாண்டிய அண்ணன்மார்கள் அரிவாளோடு வந்தார்கள். காரில் வந்து படம் எடுத்துப் போட்டவர்கள் உண்டு, அவர்களை நான் பெயர் சொல்லப்போவதில்லை. கோடு நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து நிற்கிறது, இரண்டுமே வராதவர்களின் தோப்பு. நடுவில் விட்டுப்போன கோட்டால் தீ நிற்காது.

சிலர் “அந்தக் காலத்தில் நாங்களே கொளுத்துவோம், ஒன்றும் ஆகவில்லை” என்றார்கள். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் சருகைக் கொளுத்தியது உண்மைதான். ஆனால் அது கோடையின் தொடக்கத்திலேயே, ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பு, இடம் பார்த்து வைத்த சின்னத் தீ. பங்குனி மத்தியானத்தில் வைப்பதும் அதுவும் ஒன்றாகாது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செயற்கைக்கோளில் காட்டுத்தீ தெரிந்தால் இந்திய வன அளவைத் துறை அனுப்பும் குறுஞ்செய்தி எச்சரிக்கைக்குப் பொதுமக்களும் பதிவு செய்யலாம், செலவு இல்லை. செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில் எரிந்தால்தான் தெரியும், சின்னத் தீ தப்பிவிடவும் செய்யும், அதனால் அதையே நம்பி உட்காரவும் முடியாது. கண்ணால் புகையைப் பார்த்து உடனே போன் செய்ய ஊரில் ஆள் வேண்டும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கூலி, மண்வெட்டி, அரிவாள், டீ, வண்டி வாடகை என்று போனது. விவரம் பொருளாளர் தம்பியிடம் இருக்கிறது, கேட்பவர்கள் பார்க்கலாம். சந்தா பாக்கி வந்திருந்தால் கோட்டை ஆள் வைத்தே முடித்திருக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள்தான் பாக்கியில் அதிகம், தோப்பும் அவர்களுடையதுதான் புதராகக் கிடக்கிறது.

தலைவர் அண்ணனுக்கும், வனத்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்களுக்கும், மண்டபம் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வது உறுதியில்லை, வேறு யாராவது முன்வந்தால் நோட்டையும் சாவியையும் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். யார் செய்தாலும் வேலை மார்கழிக் கடைசியில் தொடங்கி, தை முடிவதற்குள் கோடு முழுசாக இருக்க வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் தங்கள் எல்லைக்கு ஒரு ஆள் கூலியாவது அனுப்பிவிடுங்கள், அதோடு பழைய சந்தாவையும் சேர்த்தே அனுப்பினால் பொருளாளர் தம்பிக்கு எழுத வசதி.