போனவை திரும்பி வரட்டும்: பிபிசி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி நிர்வாகக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பாஸ்டன் பக்கத்தில் பதின்மூன்று ஆண்டுகள் குடியிருந்தவள் நான். அங்கே இருந்தவரை உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு மாதம் பத்து டாலர் சந்தா கட்டினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை; கட்டாவிட்டாலும் படம் தெரியும். இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே பிபிசிக்குப் போகும் டிவி லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டுகிறேன், 2025 கணக்குப்படி ஆண்டுக்கு 174.50 பவுண்டு. இது கட்டாயம். இரண்டையும் மனமொப்பித்தான் கட்டினேன். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் பொதுத் தொலைக்காட்சிக்குக் காசு கொடுத்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஆங்கிலப் படியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், இந்த ஊரில் லைசென்ஸ் கட்டும் நம் குடும்பங்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதுதான்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்களோடு கூட நின்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி இன்று நொடித்துப் போயிருக்கிறது. இந்த நேரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் நிகழ்ச்சிகளுக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள். அங்கே எடுக்கப்படும் நல்ல படங்களை இங்கே முழுதாகக் காட்டுங்கள்.

இந்த உறவு எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லாமல் என் கோரிக்கைக்கு அர்த்தம் இல்லை. 1967இல் பிபிசி 2இல் 'த ஃபோர்சைட் சாகா' 26 வாரம் ஓடியது. 1969இல் அமெரிக்காவின் என்இடி அதை எடுத்து ஒளிபரப்பியது. இன்றைய பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பான பிபிஎஸ் வருவதற்கு முன்பு அங்கே இருந்த கல்வித் தொலைக்காட்சி வலையமைப்பு அது. ஞாயிற்றுக்கிழமை இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து தொடர்கதை பார்க்கும் வழக்கத்தை அந்த ஒரு தொடர் அங்கே உண்டாக்கிவிட்டது. அந்த வரவேற்பைப் பார்த்துத்தான் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. முதல் ஒளிபரப்பு 1971 ஜனவரி 10. மோபில் எண்ணெய் நிறுவனம் 2004 வரை அதற்குப் பணம் கொடுத்தது.

அந்த நிகழ்ச்சியை அறிமுகப்படுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அலிஸ்டர் குக். சால்ஃபோர்டில் பிறந்து 1941இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1992 வரை அமெரிக்கர்களுக்கு அவர் பிரிட்டிஷ் நாடகங்களை விளக்கினார்: இந்த அரசர் யார், இந்தச் சண்டை எதற்கு, இந்த வீட்டில் வேலைக்காரர்கள் ஏன் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள் என்று. அதே மனிதர்தான் 1946 முதல் 2004 வரை உங்கள் வானொலியில் 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' வாசித்து பிரிட்டிஷ் மக்களுக்கு அமெரிக்காவை விளக்கினார். அந்தப் பக்கத்துச் செய்தியை இந்தப் பக்கம் கொண்டுவந்தார், இந்தப் பக்கத்துக் கதையை அந்தப் பக்கம் கொண்டுபோனார். நான் உங்களிடம் கேட்பது அவர் ஒருவராகச் செய்த அந்தக் காரியத்தைத்தான். ஒரு நிறுவனமாக நீங்கள் அதில் பாதியைத்தான் செய்திருக்கிறீர்கள்.

மாஸ்டர்பீஸில் வந்தவை எல்லாம் உங்களுடையவை அல்ல. 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்', 'த ஜுவல் இன் த கிரவுன்', 'டவுன்டன் அபே' எல்லாம் இங்கே விளம்பரத்தில் ஓடும் ஐடிவியில் வந்தவை. பாஸ்டனில் என் அக்கம்பக்கத்தார் மூன்றையும் பிபிசி என்றே சொல்வார்கள். அந்த நல்ல பெயரும் உங்களுக்கே சேர்ந்தது.

நாடகத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அறிவியல் நிகழ்ச்சிகளின் கதை. மைக்கேல் ஆம்ப்ரோசினோ என்ற பாஸ்டன் தயாரிப்பாளர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஓராண்டு லண்டனில் பிபிசியோடு இருந்தார். 1964இல் நீங்கள் தொடங்கிய அறிவியல் நிகழ்ச்சி 'ஹொரைசன்' எப்படி உருவாகிறது என்று அருகிலிருந்து பார்த்தார். ஊருக்குத் திரும்பி அதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் 'நோவா'. 1974 மார்ச் 3 அன்று வந்த அதன் முதல் நிகழ்ச்சியே பிபிசி எடுத்த படம்தான். இயற்கைப் படங்களை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. இன்றும் நோவா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் ஓராண்டு வந்து தங்கியதில் ஒரு நாட்டுக்கு ஐம்பது ஆண்டு அறிவியல் கிடைத்தது. பிள்ளையை ஒரு வருடம் மாமா வீட்டில் விட்டுத் தொழில் கற்கவைப்போமே, அந்த மாதிரி.

அடுத்தது இன்னும் அழகு. கென்னத் கிளார்க்கின் 'சிவிலிசேஷன்' 1969இல் வந்தது, பதின்மூன்று பகுதி. ஜேக்கப் புரோனோவ்ஸ்கியின் 'தி அசென்ட் ஆஃப் மேன்' 1973இல் வந்தது, அதுவும் பதின்மூன்று. பிந்தையதைத் தயாரித்த ஏட்ரியன் மலோன் பிறகு அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலிஸ் கேசிஇடி நிலையத்துக்காக வானியலாளர் கார்ல் சேகனோடு அவர் உருவாக்கிய தொடர்தான் 1980இன் 'காஸ்மோஸ்'. அதுவும் பதின்மூன்று பகுதி. அதில் பிபிசியின் பணமும் உண்டு. ஒரு மனிதர் தனியாக நின்று கேமராவைப் பார்த்து ஒரு பெரிய விஷயத்தை நமக்கு விளக்கும் அந்த வடிவம் லண்டனில் பிறந்தது. கலிஃபோர்னியாவில் அது விண்வெளிக்குப் போனது. பிறகு உங்கள் திரையிலேயே திரும்பி வந்து பிரிட்டிஷ் குழந்தைகளை வானத்தைப் பார்க்க வைத்தது. இது கூடியிருக்கிறது என்றால் மற்றவை ஏன் கூடாது?

கூடாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. 1971இல் பிபிசி அதை வேண்டாம் என்றது. குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தலைவராக இருந்த மோனிகா சிம்ஸ், அதில் அதிகாரத் தொனி இருக்கிறது, குழந்தையிடம் சரியான விடையை மட்டுமே எதிர்பார்க்கிறது என்று வாதிட்டார். அவர் அற்பக் காரணம் சொல்லவில்லை. குழந்தைகளுக்காகக் கவலைப்பட்டுத்தான் பேசினார். ஆனால் அந்த நிகழ்ச்சி யாருக்காக உருவானது என்பதை அவர் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். பள்ளிக்கு முந்தைய வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத, நகரத்து ஏழை வீட்டுக் குழந்தைகளுக்காக ஜோன் கான்ஸ் கூனி தொடங்கியது அது. என் மகள் அதில்தான் எண்ணக் கற்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் அமெரிக்கக் குழந்தைகள் பேசும் ஆங்கிலம் அதில்தான் காதில் ஏறியது. பிரிட்டனில் சில ஐடிவி வட்டார நிலையங்கள் அதைக் காட்டின. 1987 முதல் சேனல் 4 காட்டியது. நீங்கள் செசமி நிறுவனத்தோடு சேர்ந்து உங்கள் சிறுவர் அலைவரிசையான சிபீபிஸுக்காக 'த ஃபர்செஸ்டர் ஹோட்டல்' எடுத்தது 2014இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறை மழலையர் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்தவை உங்கள் திரையில் சுருங்கியும் விடுகின்றன. கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த 'த வியட்நாம் வார்' 2017இல் பிபிஎஸ்ஸில் 18 மணி நேரம் ஓடியது. பிபிசி ஃபோரில் வந்தது ஏறக்குறைய அதில் பாதி. அவர்களும் வெட்டுகிறார்கள் என்பது உண்மை: ஈராக்கியர்களே தங்கள் கதையைச் சொல்லும் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் இராக்' 2020இல் உங்களிடம் ஐந்து பகுதி, அங்கே பிபிஎஸ்ஸின் ஆவணப்பட நிகழ்ச்சி 'ஃப்ரன்ட்லைன்' அதை ஒரே படமாகச் சுருக்கியது. இரண்டு பக்கமும் செய்யும் தவறு என்பதால் அது தவறில்லை என்று ஆகிவிடாது. மகனை இழந்த தாய் அவனைப் பற்றிப் பேசும்போது எத்தனை நிமிடம் மௌனமாக இருக்கிறாள் என்பதும் அந்தப் படத்தின் செய்திதான்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. 2009 ஜனவரி, வெளியே முழங்கால் அளவு பனி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அப்பா குளிர் தாங்காமல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மைக்கேல் வுட்டின் 'த ஸ்டோரி ஆஃப் இந்தியா' ஓடிக்கொண்டிருந்தது. 2007இல் உங்களிடம் வந்த தொடர், அப்போது பிபிஎஸ்ஸுக்கு வந்திருந்தது. திடீரென்று பெரிய கோயில்! வெண்கலம் வார்ப்பவர்கள் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நம்ம ஊரும்மா, நம்ம ஊரு" என்றார். 1941இல் தொடங்கிய உங்கள் தமிழ் வானொலி சேவையான தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர் அவர். பிபிசி என்றால் அவருக்குக் குரல்தான். அன்றைக்கு அது பாஸ்டன் நிலையத்தின் வழியாக அவருடைய கோயிலை அவருக்கே காட்டியது. இடையில் விளம்பரம் இல்லை. பார்க்கத் தனிக் கட்டணமும் இல்லை.

அந்த நிலையங்களுக்கு 2025இல் என்ன நேர்ந்தது? ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கிய இரண்டாண்டுப் பணம், சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு ஒன்றரை டாலர் சொச்சம் என்ற கணக்கு அது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 1,500க்கும் மேற்பட்ட வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பணம் பகிர்ந்த பொது ஒளிபரப்புக் கழகம் கடையை மூடத் தொடங்கியது. 2026 ஜனவரியில் அதைக் கலைப்பதென்று அதன் நிர்வாகக் குழுவே வாக்களித்தது. பாஸ்டன் போன்ற பெரிய நிலையங்கள் நன்கொடையை வைத்துத் தாக்குப்பிடிக்கும். அலாஸ்காவிலும் மலைப்பகுதிகளிலும் உள்ள சிறு நிலையங்கள் சிலவற்றுக்கு அரசுப் பணம்தான் வருமானத்தில் பாதிக்கு மேலாக இருந்தது. ஆர்கன்சா மாநில நிலையம் பிபிஎஸ்ஸை விட்டு விலகுவதென்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. பிபிஎஸ்ஸுக்கு நிலையம் கட்ட வேண்டிய சந்தாவைக் கட்ட முடியவில்லை.

இது அவர்கள் நாட்டு அரசியல், நமக்கென்ன என்று நீங்கள் இருக்க முடியாது. உங்கள் நாடகங்களே அந்தப் பணத்தில் சாய்ந்துதான் நிற்கின்றன. உங்கள் வரலாற்று நாடகமான 'உல்ஃப் ஹால்' தொடரின் இரண்டாம் பாகத்தை எடுத்த பீட்டர் கோஸ்மின்ஸ்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. அவரும் முதன்மை நடிகரும் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் தங்கள் ஊதியத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகே படப்பிடிப்பு நடந்தது. அப்போதும் பாஸ்டனின் மாஸ்டர்பீஸ் கூட்டாளியாக நின்றது. ஒரு கனமான நாடகத்துக்கு நீங்கள் போடும் பணம் மட்டும் போதாது. படப்பிடிப்புக்கு முன்பே அமெரிக்க உரிமைக்கு யாராவது பணம் தர வேண்டும். இலாப நட்டம் மட்டும் பார்க்காமல் தந்தவர்கள் அவர்கள்.

நீங்களோ அமெரிக்காவில் வேறு வழியில் போகிறீர்கள். பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளைக் கட்டணத்துக்குக் காட்டும் பிரிட்பாக்ஸ் 2024இலிருந்து முழுக்க உங்கள் வணிகப் பிரிவின் கையில். 2025 ஜூன் முதல் உங்கள் இணையதளத்துக்கே அங்கே மாதக் கட்டணம். வருமானம் தேவை என்பது எனக்குப் புரிகிறது; அது இங்கே நிகழ்ச்சியாகத் திரும்புகிறது என்பதும் தெரியும். ஆனால் ஆன்டெனா மட்டுமே உள்ள வீட்டுக்குள் பிபிஎஸ் வழியாக நுழைந்தவர்கள் நீங்கள். அந்தக் கதவை உங்கள் கையாலேயே சாத்த வேண்டாம்.

எனவே, நீங்கள் இயங்க அனுமதி தரும் அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடியும் முன் நடக்கும் பேச்சுகளில் இவற்றை எழுத்தில் கொண்டுவாருங்கள். எந்த ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்கு விற்றாலும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அந்த நிகழ்ச்சி அமெரிக்கப் பொது நிலையங்களில் இலவசமாக ஓடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே பிடித்து வையுங்கள். சிறு நிலையங்களிடம் அவர்கள் சக்திக்கேற்ற விலை வாங்குங்கள். உங்கள் பழைய தொடர்களை அவர்களுக்குச் சும்மாவே கொடுத்தாலும் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை விழாது. பிபிசி 2இல் வாரத்தில் ஓரிரவை ஃப்ரன்ட்லைனுக்கும் நோவாவுக்கும் கென் பர்ன்ஸுக்கும், பெயர் தெரியாத இளம் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர்களுக்கும் கொடுங்கள். வெட்டாமல் கொடுங்கள். பிபிஎஸ் அமெரிக்கா என்று ஓர் அலைவரிசை 2011 முதல் இங்கே இருக்கிறது என்பீர்கள். அது விளம்பரத்தில் ஓடுவது. விளம்பரமில்லாமல் பார்க்கத்தானே நாங்கள் உங்களுக்குக் காசு கட்டுகிறோம்.

அங்கே வேலை இழந்து நிற்கும் தயாரிப்பாளர்களில் சிலரை ஆண்டுதோறும் அழைத்து, ஆம்ப்ரோசினோ இருந்ததுபோல் ஓராண்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை அவர்கள் கற்றுக்கொள்ள மட்டும் வர வேண்டாம். அரசு வரிப்பணம் இல்லாமல், பார்ப்பவர்களிடம் நேரடியாகக் கேட்டு ஒரு நிலையத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வரட்டும். லைசென்ஸ் கட்டணம் இருக்குமா போகுமா என்ற பேச்சு இந்த நாட்டிலும் தொடங்கிவிட்டது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். பாஸ்டன் நிலையத்துக்குக் கட்டிவந்த பத்து டாலரை இந்த மாதத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு கரையிலும் சந்தா கட்டும் ஒரு பார்வையாளர்
லண்டன்