சாமி கண்ணைக் குத்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெய்வ பயம் போனதால்தான் ஒழுக்கம் போனது என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று பிள்ளைகளிடம் சொல்ல இப்போது வீட்டில் பெரியவர்கள் இல்லையாம், அதனால் ஊர் கெட்டுவிட்டதாம். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள்தான். ஆனாலும் பென்னாகரம் பக்கம் கிராமம் கிராமமாக நர்சம்மா வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு வீட்டுக்கு ஐந்தாம் நாள் போனேன். தூளி இல்லை. தாய்க்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "பால் பொறையேறிடுச்சு நர்சம்மா" என்றாள் மாமியார்க்காரி. சாமி மாடத்தில், பையன் பிறந்தால் கிடா வெட்டுவதாக வேண்டி மஞ்சள் துணியில் முடிந்த காசு அப்படியே இருந்தது. கொல்லையில் எருக்கஞ்செடி ஒன்று கிளை ஒடிந்து, வடிந்த பால் காய்ந்து கிடந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்தவள், "அவதான் குடுத்தா, அவகிட்டயே அனுப்பிட்டோம்" என்று மாடத்தைக் காட்டினாள்.

நான் என்ன செய்தேன்? பதிவேட்டில் அவள் சொன்னதையே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அவள் கண்ணையும் சாமி குத்தவில்லை, என் கண்ணையும் குத்தவில்லை.

இங்கே செய்தால் மேலே கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து நல்லது செய்கிறவனை 'அறவிலை வணிகன்' என்று சங்கப் புலவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். அந்த மஞ்சள் துணி முடிப்பும் ஒரு வியாபாரம்தானே?

அந்த நாளில் எங்கள் ஊர்களில் பக்திக்குக் குறைவே இல்லை. திருவிழா, தீமிதி, மாவிளக்கு எல்லாம் இருந்தது. ஆனால் 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 900 பேர்கூட இல்லை. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த 2001ல்தான் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. 2011ல் கணக்கு 900-ஐத் தாண்டியது. போலீஸ், கேஸ் பயமும் ஒரு காரணம்தான். நான் கண்ணால் பார்த்தது மகளிர் சங்கக் கூட்டங்களை. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே எங்கள் தருமபுரியில், 1989ல். சேமிப்புப் பணம் கட்ட ஒன்றாக உட்கார்ந்த பெண்கள், "உம் புள்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்க ஆரம்பித்தார்கள். மாடத்துச் சாமி அப்படிக் கேட்டதில்லை.

எருக்கம்பால் ஊற்றிக் கொல்வது போய் ஸ்கேன் வந்ததும் எனக்குத் தெரியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்புறமும் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்குள் ஸ்கேன் வைத்துப் பார்த்தவர்கள் அண்மை ஆண்டுகளில்கூடக் கைதாகியிருக்கிறார்கள்.

பக்தியைப் பழிக்கிறேன் என்று கட்டுரையாளர் நினைக்க வேண்டாம். அதே ஊரில், அதே மாரியம்மனைக் கும்பிடுகிற இன்னொரு கிழவி இருந்தாள். அவள் வீட்டிலும் மூன்றாவது பெண். மகன் குடித்துவிட்டு வந்து குதித்தபோது, "ஆத்தாளும் பொண்ணுதாண்டா, போடா வெளியே" என்று குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கிழவிகளுக்கும் சாமி ஒன்றுதான். ஒருத்தி அவளைச் சாட்டிக் கொன்றாள், ஒருத்தி அவளைச் சொல்லிக் காப்பாற்றினாள். இவளுக்கு மட்டும் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை. அன்றைக்கு நான் கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:

"ஊசி என்னைக்குப் போடணும் நர்சம்மா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.