அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் டிசம்பர் சுற்றுலா மலரில், ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கான குறிப்புகளைப் படித்தேன். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமலிருக்க மாத்திரை என்று எல்லாம் இருந்தது. ராத்திரி குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளாதீர்கள் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், குன்னூரில் வசிக்கிறேன். மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் 2 பேர் காலையில் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்களில் 8 பேர் தாமன் என்ற மலை ஊரில் ஒரே அறையில் இறந்துபோனார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு கேஸ் ஹீட்டரை எரியவிட்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்ததற்குக் காரணம் ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான். கரி, கேஸ், ஜெனரேட்டர் என்று எரிந்தது வெவ்வேறாக இருந்தாலும் உயிரை எடுத்தது கார்பன் மோனாக்சைடு என்ற ஒரே வாயு.

இந்த மாதிரிச் செய்திகள் பெரும்பாலும் 'மூச்சுத்திணறி உயிரிழப்பு' என்பதோடு முடிந்துவிடுகின்றன. படிக்கிறவர்கள், அறை முழுக்கப் புகை மண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இங்கே பல விடுதிகளில் புகை அடங்கும் வரை அடுப்பை வாசலில் வைத்திருந்து, கரி நன்றாகக் கனன்றதும் உள்ளே தூக்கிவருகிறார்கள். இனிமேல் பயமில்லை என்று நம்பித்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் புகை நின்ற பிறகும் அந்தச் சிவந்த கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். மேலே சாம்பல் பூத்துவிட்டாலும் உள்ளே நெருப்பு இருக்கும் வரை நிற்காது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பது. இந்த வாயுவுக்கு அப்படி யாரும் எதையும் சேர்க்க முடியாது. காற்று சரியாகக் கிடைக்காமல் எந்த நெருப்பு எரிந்தாலும் அது அங்கேயே உண்டாகிறது. குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருப்பவர்களுக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே ஏசியில் படுக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, மூளையும் இதயமும் ஆக்சிஜன் இல்லாமல் வாடும். முதலில் தலைவலி வரும். அப்புறம் தலைசுற்றல், குமட்டல், வாந்தி, கைகால் சோர்வு. சிலருக்கு நெஞ்சுவலி வரும், சிலருக்குப் பேச்சு குழறும். எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்ற யோசனை வருவதற்குள் அதற்கான தெம்பு போய்விடுகிறது. தூக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரிவதில்லை. குழந்தைகளுக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளின் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் பாதிப்பு இன்னும் கடுமை.

மலைக்கு வந்தவருக்கு இந்த அறிகுறிகள் வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. குழந்தை வாந்தி எடுத்தால் வளைவுகளில் வந்ததால் என்கிறோம். பெரியவருக்குத் தலை வலித்தால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். இளைஞர்கள் தள்ளாடினால் குடித்திருப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். காய்ச்சலே இல்லாமல் ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே போய் நின்றால் குறைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த அறைக்கு மறுபடி போகவே கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் பலர் வீட்டில் இருக்கிறது. அதை விரலில் மாட்டி, 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஹீமோகுளோபின் பற்றியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்தறிய அந்தக் கருவியால் முடியாது. அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை வேண்டும். மருத்துவமனைக்குப் போனதும் 'அறைக்குள் கரி எரிந்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் இது உடனே பிடிபடாது. சாதாரணக் காற்றில் இந்த வாயுவில் பாதி ரத்தத்தை விட்டு வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். பிழைத்து வீடு திரும்பியவர்களிலும் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதி, குணமாற்றம், நடையில் தடுமாற்றம் வரலாம். அதனால் சரியாகிவிட்டது என்று மறுபரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்றப் போய் அதே அறையில் விழுந்தவர்களும் உண்டு. கதவு ஜன்னல்களை விரியத் திறந்து, ஆளை வெளியே இழுத்துவந்து, 108-ஐ அழைக்க வேண்டும். மற்றதெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

இங்கிலாந்தில் வாடகை வீட்டு அறையில் பாய்லர் போல நிலையாக எரியும் சாதனம் இருந்தால், இந்த வாயுவைக் கண்டு அலறும் கருவியை வீட்டு உரிமையாளர் பொருத்தியே ஆக வேண்டும் என்று 2022 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. கணப்பு உள்ள நம் மலை விடுதிகளுக்கும் அப்படி ஒரு விதியை மாவட்ட நிர்வாகம் கொண்டுவர வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிதான், ஆன்லைனில் கிடைக்கிறது. அதுவரை விடுதிக்காரர்கள் கரி அடுப்பு கேட்பவர்களிடம் இரண்டு கம்பளி கூடுதலாகக் கொடுத்து அனுப்பட்டும். கேம்ப் ஃபயர் முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ஊழியர்கள் தூங்கப் போகட்டும்.

பொங்கல் விடுமுறைக்கு முன் இன்னொரு சுற்றுலா மலர் கொண்டுவருவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மலைப் பயணக் குறிப்புகளுக்கு நடுவில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் இதற்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்